நாலு சுற்றுக்குப் பிறகு வண்டி ஆடுகிறது: ஷாக்கா, டயரா?

கேள்வி:
பழைய ஹேட்ச்பேக் ஒன்றை டிராக்குக்காகத் தயார் செய்து வருகிறேன். ஸ்பிரிங்கை மட்டும் கடினமானதாக மாற்றினேன், ஷாக் அப்சார்பர் வண்டியோடு வந்ததுதான். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் முதல் நாலு சுற்று அருமை. அப்புறம் ஒவ்வொரு வளைவு முடிந்தும் மூக்கு மேலும் கீழும் ஆடுகிறது. பிட்டில், அதாவது டிராக் ஓரம் வண்டியை நிறுத்தும் இடத்தில், ஷாக்கின் மேல் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. டயரை மாற்றலாமா?

பதில் 1:
டயரை விடுங்கள். ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் அசைவை ஷாக் வெப்பமாக மாற்றுகிறது. அந்த டிராக் 3.7 கிலோமீட்டர் சுற்று, பிரேக், வளைவு, மறுபடி பிரேக் என்று ஓய்வே இல்லை. எண்ணெய் சூடேறி நீர்த்துப்போகிறது, உள்ளே நுரையும் சேர்ந்தால் ஆட்டத்தை அடக்கும் பிடி ஷாக்குக்குப் போய்விடும். இரட்டைக் குழாய் ஷாக்கில் வேலை செய்யும் எண்ணெய் உள்குழாயில் இருப்பதால் சீக்கிரம் ஆறாது. மோனோட்யூப், அதாவது ஒற்றைக் குழாய் ஷாக் வாங்குங்கள்: எண்ணெய் வெளிச்சுவரைத் தொட்டே இருக்கும், தனி அறையில் அழுத்தத்தில் உள்ள நைட்ரஜன் நுரையைத் தடுக்கும். இதே தவறை நானும் செய்து ஒரு சீசன் முழுக்க டயரைக் குறை சொன்னேன்.

பதில் 2:
முக்கியமாக ரீபவுண்டைப் பாருங்கள், அதாவது அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப நீளும்போது ஷாக் கொடுக்கும் தடை. கடினமான ஸ்பிரிங் வேகமாகத் திருப்பித் தள்ளும், அதை அடக்கப் பழைய ஷாக்கால் ஆகாது. ஆனால் ரீபவுண்டை அளவுக்கு மீறி ஏற்றினால், அடுத்தடுத்த மேடுகளில் சக்கரம் கீழே இறங்க நேரமில்லாமல் வண்டி தாழ்ந்துகொண்டே போகும். சரிசெய்யக்கூடிய ஷாக் என்றால் அதன் திருகை ஒரு நேரத்தில் இரண்டு கிளிக், முன்பக்க ஜோடி அல்லது பின்பக்க ஜோடி, ஒன்றில் மட்டும். நோட்டில் எழுதி வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி, டயர் பணம் ஷாக்குக்குப் போகிறது. முன்பக்கம் முதலில்.