சேலம் கோட்டை, சங்ககிரி துர்க்கம்: நடந்து பார்த்தவங்க வழிக்குறிப்பு எழுதுங்க

அஸ்தம்பட்டி நடைக்குழு

மார்கழி, தை ரெண்டு மாசமும் காலை நடைக்கு வெளியூர்க்காரங்க வர்றாங்க. வந்ததும் "சேலத்துல கோட்டை எங்கே இருக்கு?"ன்னு கேட்கிறாங்க. இதுக்கு ஒரே இடத்துல பதில் இருந்தா நல்லது. அடிக்கடி நடக்கிறவங்க வழி, நேரம், கையில எடுத்துப்போக வேண்டியது, எங்கே தடுமாறும் என்பதை மட்டும் எழுதுங்க. வர்றவங்கள்ல அறுபது தாண்டினவங்களும் பத்து வயசுப் பிள்ளைகளும் உண்டு. அவங்களை மனசுல வச்சு எழுதினா உதவியா இருக்கும்.

செவ்வாய்ப்பேட்டைவாசி

முதல்லயே ஒண்ணு சொல்லிடணும். சேலத்துல கோட்டை என்பது இன்னிக்கு ஒரு பேட்டையோட பேரு. சுத்திவர மதில் கிடையாது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில திப்புகிட்ட இருந்து பாராமகாலும் (இப்போ கிருஷ்ணகிரி, தருமபுரி இருக்கிற பக்கம்) சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போச்சு. பிற்பாடு காவல் கோட்டைக்கு இங்கே வேலையில்லாமப் போச்சு. ஊர் பெருகப் பெருக மதில் இருந்த இடம் வீடும் கடையும் ஆயிடுச்சு. அதனால மதிலைத் தேடி நடக்காதீங்க. கோயில், ஆறு, பள்ளிவாசல், அக்ரஹாரம், பேட்டை இவையெல்லாம் எப்படி ஒட்டி உட்கார்ந்திருக்குன்னு பார்த்து நடங்க. பழைய ஊரோட அமைப்பு அதுலதான் தெரியும்.

தொடங்க ஏத்த இடம் சுகவனேசுவரர் கோயில். சுகம்னா கிளி, சுகவனம்னா கிளிக்காடு. பழைய பஸ் ஸ்டாண்டுல இறங்கி நடந்தே வந்துடலாம். காலை ஆறு, ஆறரைக்குள்ள இங்கே இருக்கணும். அடுத்து கோட்டை மாரியம்மன். அங்கிருந்து கோட்டைப் பெருமாள்னு ஊரே சொல்ற அழகிரிநாதர் கோயில். பிறகு திருமணிமுத்தாற்றங்கரை, கரையிலேயே ஜாமியா மசூதி. சைவம், வைணவம், அம்மன், பள்ளிவாசல் நாலும் ஒரு ஆத்தங்கரையைச் சுத்தி நெருக்கமா இருக்கிறதைக் காலால அளந்தாத்தான் புரியும். வண்டியில போனா நாலும் நாலு தனி இடமாத் தெரியும்.

அதுக்கப்புறம் முதல் அக்ரஹாரம், சின்னக்கடை வீதி, முடிவுல செவ்வாய்ப்பேட்டை. செவ்வாய்க்கிழமைச் சந்தையால வந்த பேரு இது. வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் சந்துக்குள்ள இருக்கும், பத்து மணிக்கு மேலதான் சத்தம் கேட்கும். மொத்த வழியும் மூணு நாலு கிலோமீட்டருக்குள்ள முடிஞ்சிடும். நின்னு பார்த்து வர ரெண்டரை மணி நேரம் வச்சுக்குங்க.

தப்பு நடக்கிறது பெரும்பாலும் நேரத்துலதான். எட்டரைக்கு மேல சின்னக்கடை வீதியில சரக்கு வண்டி, பூக்கூடை, ரெண்டு சக்கர வண்டி எல்லாம் ஒரே நேரத்துல இறங்கும். பத்துப் பேர் கொண்ட குழு அங்கே ஒண்ணா நிக்கவே முடியாது. நாலு நாலு பேராப் பிரிஞ்சு, அடுத்த சந்திப்பு இடத்தைச் சொல்லிட்டு நடங்க. மதியம் வர்றவங்க இன்னொரு தப்பு பண்றாங்க. உச்சிக்காலம் முடிஞ்சா கோயில் நடை சாத்திடும், சாயங்காலம்தான் மறுபடி திறக்கும். நடுவுல வந்தா கோபுரத்தை மட்டும் பார்த்துட்டுப் போகணும்.

செல்போன் வரைபடத்துல "கோட்டை"ன்னு மட்டும் போட்டா ஏதோ ஒரு தெருமுனையில கொண்டுபோய் நிறுத்தும். கோயில் பேரைப் போடுங்க.

ஆத்தைப் பத்தி ஒரு வார்த்தை. சேர்வராயன் மலையில பொறந்து, சேலம் நடுவுல ஓடி, நஞ்சை இடையாறு பக்கம் காவிரியில சேர்ற ஆறு இது. ஊருக்குள்ள வரும்போது சாயத்தண்ணியும் சாக்கடையும் சேர்ந்துடுது. பார்க்கவே மனசு கஷ்டப்படும். ஆனா அதைத் தவிர்த்துட்டு நடந்தா கோட்டை ஏன் இங்கே வந்ததுங்கிற பாதி விஷயம் விட்டுப்போகும். பாலத்து மேல நின்னு பாருங்க, கரையில இறங்க வேண்டாம்.

குகை மேட்டுத்தெரு

அண்ணன் எழுதினதோட ஆடி மாசத்தைச் சேர்த்துக்கணும். திருவிழா தொடங்கற பூச்சாட்டுல இருந்து அது முடியற வரைக்கும் கோட்டைப் பக்கம் சாதாரண நாள் நடை நடக்காது. கோட்டை மாரியம்மன் கோயில்ல உருளுதண்டம் போடறவங்களுக்கு, அதாவது வேண்டுதலுக்காகத் தரையில உருண்டு வர்றவங்களுக்கு, வழி விட்டு நிக்கணும். அந்த நேரத்துல செருப்போட குறுக்கே கடக்கிறது, கேமராவை முகத்துக்கிட்ட நீட்டறது ரெண்டும் கூடாது. கரும்பு தின்னக் கூலியா என்கிற மாதிரி, திருவிழாவையே பார்க்கணும்னு வர்றவங்களுக்கு எங்க குகைப் பேட்டையில வண்டி வேடிக்கை இருக்கு. சாமி வேஷம் கட்டினவங்க அலங்கார வண்டியில வருவாங்க. ராத்திரி நேரம், தெருவெல்லாம் தலைதான். பிள்ளைங்களோட வந்தா தெருவோரத் திண்ணையா ஒரு இடம் பிடிச்சு அங்கேயே இருங்க. வண்டி கூடவே நடக்கப் பார்த்தா பிள்ளை கை நழுவிடும்.

நடை முடிஞ்சு சாயங்காலமா இருந்தா தட்டுவடை செட் சாப்பிட்டுப் போங்க. காலையில கிடைக்காது, தேடி அலைய வேண்டாம்.

சங்ககிரி அடிவாரம்

மதிலைப் பார்க்கணும்னா சங்ககிரிக்கு வாங்க. சேலத்துல இருந்து கோயமுத்தூர் ரோட்டுல நாற்பது கிலோமீட்டருக்குள்ளதான். ஏறும்போதே "சங்ககிரி ஊருக்குள்ள போகுமா?"ன்னு நடத்துனர்கிட்ட கேட்டுக்குங்க. நிக்காத வண்டி ஏறினா வெளிரோட்டுலயே போயிடும். ரயில்ல வந்தா ஸ்டேஷன் ஊருக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கு, அங்கிருந்து ஆட்டோ பிடிக்கணும். விடியக்காலம் ஆட்டோ கிடைக்கிறது சிரமம், அதனால பஸ்தான் நல்லது.

இது 15ஆம் நூற்றாண்டுல விஜயநகரத்தார் எழுப்பின மலைக்கோட்டை. பிறகு மைசூர் கையில இருந்து கம்பெனி கைக்கு வந்தது. மலையோட மூணு பக்கமும் செங்குத்துப் பாறை. ஏற முடியறது ஒரே ஒரு பக்கம். அதனாலதான் இங்கே மதில் வட்டமாச் சுத்தி ஓடாம, அந்த ஒரு சரிவை மறிச்சு ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்கி நிக்குது. ஒரு வாசலைப் பிடிச்சவன் அடுத்த மதிலோட கண்பார்வைக்குக் கீழேதான் நிக்கணும். இதைத் தெரிஞ்சுக்காம ஏர்றவங்க மூணாவது வாசல்லயே "இன்னும் எத்தனை?"ன்னு சலிச்சுக்கிறாங்க. தெரிஞ்சு ஏறினா ஒவ்வொரு வாசல்லயும் அஞ்சு நிமிஷம் நிக்க வேலை இருக்கு.

நிக்கும்போது இதைப் பாருங்க. நிலைக்கல்லுல மேலயும் கீழயும் வட்டக்குழி தெரிஞ்சா, கதவோட குடுமி (கதவு சுழல்ற முளை) சுழன்ற இடம் அது. உள்பக்கச் சுவர்ல எதிரெதிரா ரெண்டு துளை இருந்தா, கதவுக்குக் குறுக்கே போடற கணையமரம் செருகறதுக்கு. வாசலுக்குள்ள போனதும் வழி நேரா ஓடுதா, மடங்குதான்னு கவனிங்க. யானையோ மரத்தடியோ வேகமெடுத்து வந்து கதவை முட்ட முடியாதபடி மடக்கறது மலைக்கோட்டை கட்டறவங்க வழக்கம். வெளியில நின்னு பார்த்துட்டு, உள்ளே போய்த் திரும்பி ஒருதடவை கீழே பாருங்க. காவல்காரன் பார்த்தது அதைத்தான். இந்தத் திரும்பிப் பார்க்கிறதை யாரும் செய்யறதில்லை. உச்சிக்குப் போய்ப் படம் எடுக்கிற அவசரம். என்னைக் கேட்டா, உச்சிக்கே போகாம பாதி வாசலை நல்லாப் பார்த்துட்டு இறங்கறதும் முழு நடைதான்.

மதிலோட மேல்வரிசையில செங்கல்லும் சுண்ணாம்பும் தெரியற இடங்கள்ல சாய வேண்டாம், ஏற வேண்டாம். அடியில பெருங்கல் அசையாது. மேல இருக்கிற சுண்ணாம்புக் காரை மழையில கரைஞ்சு கல்லு தனித்தனியா நிக்கும். கை வச்சா பெயர்ந்துடும். தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கிற இடம் இது. பேரு கிறுக்கறதும் நெருப்பு மூட்டறதும் குத்தம்.

கீழே கட்டுப்படி. மேல போகப்போக பாறையில வெட்டின படி, சில இடத்துல வெறும் சரிவு. பேசிக்கிட்டே ஏற முடியற வேகம் வச்சா ஒன்றரையிலிருந்து ரெண்டு மணி நேரத்துல உச்சி. ஆறு மணிக்கு முதல் வாசல் தாண்டினவங்க எட்டு மணிக்குள்ள மேல இருப்பாங்க. வழியில தர்கா, மேல சென்னகேசவப் பெருமாள் கோயில், பழைய கிடங்குகள், சுனைகள் இருக்கு. சுனைத்தண்ணியைக் குடிக்க வேண்டாம்.

தீரன் சின்னமலையை 1805 ஜூலை 31 அன்னிக்கு இங்கேதான் தூக்கிலிட்டாங்க. ஆடிப்பெருக்கன்னிக்கு அஞ்சலி செலுத்த ஆயிரக்கணக்குல வருவாங்க. அஞ்சலிக்கு வர்றவங்க அன்னிக்கு வாங்க, மதில் பார்க்க வர்றவங்க வேற நாள் வாங்க. புரட்டாசி சனிக்கிழமையும் அப்படித்தான், பெருமாளுக்கு ஏர்றவங்களுக்குப் படியை விட்டுடணும்.

அஸ்தம்பட்டி நடைக்குழு

அருமைங்க. தண்ணி எவ்வளவு, செருப்பு எது, பெரியவங்க எது வரைக்கும் போகலாம்?

கரட்டுப்பாதை

தண்ணி ஆளுக்கு ரெண்டு லிட்டர், பங்குனியிலிருந்து மூணு. மேல கடை கிடையாது. ஒரு லிட்டரைத் தனியா வச்சு, திரும்பற வரைக்கும் தொடக்கூடாது. வழியில தண்ணி தீர்ந்துபோறவங்க பெரும்பாலும் ஏறும்போதே எல்லாத்தையும் குடிச்சவங்கதான். இறங்கும்போது வெயில் ஏறியிருக்கும், தாகம் அப்போதான் அதிகம். உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணி அரை லிட்டர் தனியா வச்சா கெண்டைக்கால் பிடிப்புக்கு உதவும்.

பாறையில சூடு உள்ளேயே இறங்கித் தங்கும். காத்து இதமா இருந்தாலும் பத்து மணிக்கு மேல காலுக்குக் கீழ இருந்து அனல் வரும். அதனால கணக்கு இதுதான்: ஒன்பது மணிக்கு எங்கே நிக்கிறீங்களோ அங்கேயே திரும்பிடணும். உச்சி பத்து நிமிஷ தூரத்துல இருந்தாலும் சரி. பெரியவங்களுக்கு நாலாவது அஞ்சாவது வாசல் போதும், மதிலோட அடுக்கு அங்கிருந்தே தெரியும். பிள்ளைங்க மூச்சுக்குத் தோத்துப்போக மாட்டாங்க. ஓடித்தான் விழுவாங்க, அதனால ஒரு பெரியவர் எப்பவும் பிள்ளைக்கு முன்னாடி நடக்கணும்.

ரப்பர் அடி வச்ச ஷூ போடுங்க. தோல் செருப்பும் தேய்ஞ்ச ஹவாய் செருப்பும் வழுக்கும். பையில ஒரு ஜோடி தடிமனான காலுறை இருக்கட்டும். கோயில் வாசல்ல செருப்பைக் கழட்டினதும் சூட்டுப் பாறையில நடக்க அதுதான் காப்பாத்தும். வெறுங்காலோட துள்ளி ஓடி விழறது அடிக்கடி நடக்குது.

பாறையில மேலிருந்து கீழா கறுப்புக் கோடு தெரியும், மழைத்தண்ணி வழியற தடம். காய்ஞ்சிருந்தா பயமில்லை. ஈரமா இருந்தா எண்ணெய் தடவின மாதிரி. ஐப்பசி, கார்த்திகையில மழை விட்ட மறுநாளும் அதுல கால் வைக்காதீங்க, சுத்திப் போங்க. கோடைமழைக் காலத்துல மத்தியானம் மூணு மணிக்கு மேல மொட்டைப் பாறையில இருக்கவே கூடாது. சேலத்துப் பக்கம் சாயங்கால மழை இடியோடதான் வரும்.

இறங்கும்போது படிக்கு நேராக் கால் வைக்காம கொஞ்சம் பக்கவாட்டாத் திருப்பி வச்சா முட்டி தாங்கும். ஒரு கம்பு இருந்தா இன்னும் நல்லது, குரங்குக்கும் ஆகும். குரங்கைப் பொறுத்தவரைக்கும் கேரிபேக் சத்தம்தான் வினை. சரசரன்னா ஓடிவரும். தின்பண்டத்தைத் துணிப்பைக்குள்ள டப்பாவுல வைங்க. பல்லைக் காட்டிச் சிரிக்காதீங்க, அது சண்டைக்குக் கூப்பிடற மாதிரி அதுக்கு.

பாறை இடுக்குல மலைத்தேனீக் கூடு தொங்கினா சத்தம் போடாம, கல் எறியாம, புகை பிடிக்காம கடந்துடணும். சென்ட் அடிச்சுக்கிட்டு வரவே வேண்டாம். கிளம்பிடுச்சுன்னா கையை வீசாதீங்க, முகத்தைத் துண்டால மூடிக்கிட்டு வந்த வழியே விலகிப் போங்க. படியில ஓடாதீங்க. கொட்டு வாங்கினா முள்ளை நகத்தால சீக்கிரம் வழிச்சு எடுத்துடுங்க. மூச்சு வாங்கினாலோ உதடு வீங்கினாலோ 108-ஐக் கூப்பிட்டுக்கிட்டே இறக்கணும்.

ஏற்காடு ஒண்டிக்கடை

மூணாவது நாளும் இருக்கிறவங்க ஏற்காடு வந்து லேடீஸ் சீட்டுங்கிற மலைமுனையில நிக்கட்டும். மழை பெய்ஞ்சு தெளிஞ்ச காலையில சேலம் முழுசும் கீழே தெரியும். ஊரைச் சுத்தி ஜருகுமலை, கஞ்சமலை, நகரமலை, கரியபெருமாள் கரடு. கல்மதில் போன ஊருக்கு இதுதான் மிச்சமிருக்கிற மதில். பனி மூடியிருந்தா ஒண்ணும் தெரியாது. ஒன்பது மணி வரைக்கும் பொறுத்துப் பாருங்க, விலகலாம்.

அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு ரோட்டுல நடந்து ஏர்றது வேண்டாமுங்க. ஓரத்துல ஒதுங்க இடமில்லை, இறங்கற வண்டிக்கு வளைவுல ஆள் தெரியாது. மேல வந்து நடங்க. காபித் தோட்ட ஓரமா விடியறதுக்கு முன்னாடியும் இருட்டினப்புறமும் போகாதீங்க, காட்டுமாடு மேயும். எதிர்ல நின்னா படமெடுக்க நெருங்காம, முதுகு காட்டாம மெதுவாப் பின்வாங்கி அது போறதுக்கு வழி விடணும். சேர்வராயன் கோயில் உச்சி தட்டையான செம்மண் மேடு, நடக்கச் சுலபம். ஆனா காத்து பலமா அடிக்கும், பிள்ளைகளுக்குக் காதுக்குக் குல்லா போடுங்க.

சங்ககிரி அடிவாரம்

கரட்டுப்பாதை அண்ணன் சொன்ன ஒன்பது மணிக் கணக்கு சரியானதுங்க. அதோட இன்னொண்ணு: குழுவுல எத்தனை பேர்னு முதல் வாசல்ல எண்ணி, இறங்கும்போதும் அதே வாசல்ல எண்ணுங்க. பாழடைஞ்ச கிடங்குக்குள்ள ஒருத்தர் ரெண்டு பேர் நின்னுடறது உண்டு, மேல இருந்து கூப்பிட்டா பாறையில எதிரொலிச்சு எந்தப் பக்கம் சத்தம் வருதுன்னே தெரியாது.