புயலுக்கு முன்னும் பின்னும் மத்திய அரசை எங்கே பார்த்தீர்கள்? உங்கள் அனுபவம்

பட்டுக்கோட்டைப் பக்கம், தென்னை விவசாயி:

கஜா புயல் அடித்த ராத்திரியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் அதற்கப்புறம் வந்த ஆட்களைப் பற்றி எழுதுகிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. எச்சரிக்கையில் குறை சொல்ல மாட்டேன். எங்கே, எப்போது, காற்று எவ்வளவு என்று வானிலை மையம் முன்கூட்டியே சொல்லிக்கொண்டுதான் இருந்தது, தாழ்வான பகுதி ஜனங்களை முகாமுக்கு ஏற்றிவிட்டார்கள். தென்னந்தோப்பை எந்த முகாமுக்கு ஏற்றுவது?

காலையில் தோப்புக்குள் கால் வைக்க இடமில்லை. வேரோடு சாய்ந்தது பாதி, நடுவில் முறிந்தது பாதி, எல்லாம் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. வி.ஏ.ஓ. வந்து எண்ணி, அடங்கலோடு (கிராமத்தின் பயிர்க் கணக்குப் பதிவேடு) ஒத்துப் பார்த்தார், எண்ணிய மரத்தையே மறுபடி எண்ணிவிடக் கூடாதென்று நாங்கள் அடிமரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டே பின்னால் போனோம். அப்புறம் மத்தியக் குழு வந்தது. ரோட்டோரத் தோப்பில்தான் வண்டி நிற்கும் என்று தெரிந்து, உள்ளே தோப்பு வைத்திருந்தவர்களும் ரோட்டுக்கே வந்து நின்றோம். குழுவில் ஒருவர், கூட வந்த தமிழ் அதிகாரி மூலமாக, இந்த மரம் காய்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டார். நாட்டு ரகம், ஆறேழு வருஷம் என்றோம். எழுதிக்கொண்டார். நல்ல கேள்விதான், ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவரால் ஒன்றும் செய்ய முடியாது என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

பேரிடர் நிதிக்கு அப்போது இருந்த விதிப்படி பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு ₹18,000. ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கு. வகுத்துப் பாருங்கள், மரத்துக்கு ₹103-கூட முழுசாக வராது, அறுத்து வெளியேற்றும் கூலிக்கே பத்தாது. மாநில அரசு மரத்துக்கு ₹600, அப்புறப்படுத்த ₹500 என்று கொடுத்ததால்தான் தோப்பைச் சுத்தம் செய்யவாவது முடிந்தது. மாநிலம் கேட்டது சுமார் ₹15,000 கோடி, தேசிய நிதியிலிருந்து ஒப்புதல் ஆனது ₹1,146 கோடி. இதை வைத்துக் கட்சிக்காரர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். எனக்கு உறுத்துவது அந்த ₹18,000-தான். 2022-ல் விதிமுறையைத் திருத்தி ₹22,500 ஆக்கினார்கள், அதாவது மரத்துக்கு இருபத்தைந்து ரூபாய் கூடியிருக்கிறது. காய்ப்பு இல்லாத ஆறேழு வருஷம் அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை.

குமரி, மீனவர் குடும்பம்:

அண்ணன் எச்சரிக்கையில் குறையில்லை என்கிறார். அதற்கு ஒரு வருஷம் முன்னால் எங்கள் பக்கம் வந்து கேட்டிருக்க வேண்டும். ஒக்கி 2017 நவம்பர் 30 அன்றுதான் புயலாகிப் பேர் வாங்கியது, அன்றைக்கே எங்களை அடித்தும் விட்டது. கடலுக்குப் போகாதீர்கள் என்று முந்தின நாள் சொன்னதெல்லாம் கரையில் இருந்தவனுக்குத்தான். ஆழ்கடலுக்குப் போன விசைப்படகுகள் அதற்கு எவ்வளவோ முன்னாலேயே போய்விட்டன. கொஞ்ச தூரம் தாண்டினால் செல்போன் செத்துவிடும், ஒயர்லெஸ்ஸும் படகுக்குப் படகு எட்டுகிற தூரம்தான். என் மச்சான் போன படகு மகாராஷ்டிராக் கரையில் ஒதுங்கியது, முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய போனிலிருந்து அவன் குரலைக் கேட்கிற வரைக்கும் அக்கா சோறு தொடவில்லை.

மாறவில்லை என்று சொல்ல முடியாது. 2019-ல் ஜெமினி என்று ஒரு கருவி வந்தது, செயற்கைக்கோள் வழியாகப் புயல், அலைச் செய்தி கடலுக்குள்ளேயே வரும், ஆனால் அது கேட்கும், பேசாது. நம் ஆள் ஆபத்தில் இருந்தால் கரைக்குச் சொல்ல வழியில்லை. இப்போது இஸ்ரோ டிரான்ஸ்பாண்டர் வந்திருக்கிறது, ஒரு லட்சம் படகுகளுக்குத் திட்டம், அதில் இரண்டு பக்கமும் செய்தி போகும். மச்சான் படகில் மாட்டியாகிவிட்டது. கரையில் நிற்கிற எங்களுக்கு இது பெரிய விஷயம்.

தூத்துக்குடி, ஆப்தமித்ரா (பேரிடரில் உதவ ஊர்க்காரர்களுக்குப் பயிற்சி தரும் மத்திய அரசுத் திட்டம்) தன்னார்வலர்:

நான் பார்த்த மத்திய அரசு ஆரஞ்சு உடுப்பில் இருந்தது! 2004 சுனாமிக்குப் பிறகு, 2005 சட்டத்தில் பிறந்ததுதான் தேசியப் பேரிடர் மீட்புப் படை, நமக்கு அரக்கோணத்தில் 4-வது பட்டாலியன். பயிற்சியில் அவர்கள் சொல்லிக்கொடுத்ததில் பாதிக்குக் கருவியே தேவையில்லை. காலித் தண்ணீர் பாட்டிலையும் தேங்காய் நெற்றையும் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டினால் ஆள் மிதக்கிறான், முதலில் சிரித்தவர்களெல்லாம் அப்புறம் முடிச்சு போடுவதை உன்னிப்பாகப் பார்த்தார்கள். வாழைத்தண்டில் தெப்பம் கட்டுவதும் அப்படித்தான்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே பயணிகளோடு நின்றுவிட்டது, அங்கே ஹெலிகாப்டரில் சாப்பாடு போட்டார்கள். எங்கள் தெருவுக்குப் படகு வரும் முன்பே தண்ணீர் ஜன்னலைத் தொட்டுவிட்டது, அந்த பாட்டில் முடிச்சு அன்றைக்குத்தான் உதவியது. போனில் சைரன் மாதிரி அலறும் எச்சரிக்கையை அதே வருஷம் சோதித்துப் பார்த்திருந்தார்கள், நல்ல ஏற்பாடுதான், ஆனால் டவர் படுத்துவிட்டால் போன் வெறும் டார்ச் லைட்.

அத்தனை தண்ணீருக்கும் மழை மட்டும் காரணமில்லை. மேலே ஒரு குளம் உடைந்து அடுத்ததில் விழ, அதுவும் உடைந்தது. மத்திய, மாநில அரசுகளுக்குள் பணம் பிரிப்பதைப் பரிந்துரைக்கும் 15-வது நிதிக்குழு 2021-லிருந்து பேரிடர் பணத்தில் 20 சதவீதத்தைத் தணிப்பு வேலைக்கென்றே பிரித்துவைக்கச் சொன்னது, அதாவது புயலோ வெள்ளமோ வருவதற்கு முன்னால் செலவழிக்க வேண்டிய பணம். குளத்துக்கரையைப் பலப்படுத்துவது அதில் வராமல் வேறு எது வரும் என்று கேட்டு மனு கொடுத்திருக்கிறேன், பதில் இன்னும் இல்லை. உங்கள் மாவட்டத்தில் அந்த நிதியில் நடந்த வேலையை யாராவது கண்ணால் பார்த்திருந்தால் எந்த ஊர், என்ன வேலை என்று மட்டும் போடுங்கள், அடுத்த மனுவில் சேர்த்துக்கொள்கிறேன்.