கொலை வழக்க சொல்லும்போது "ஏன் கொன்னாங்க"ங்கறத முதல்ல வைக்கலாமா? கடலூர், பாண்டி ஆளுங்க வந்து சொல்லுங்க

கெடிலக்கரை செந்தில்:
எல்லாருக்கும் வணக்கம். நானும் ஃப்ரெண்டும் சேர்ந்து மஞ்சக்குப்பத்துல ஒரு ரூம் எடுத்து, நம்ம பக்கத்து கொலை வழக்குகள ஆடியோ தொடரா பண்ண ஆரம்பிச்சிருக்கோம். முதல் எபிசோட் விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டை கண்ணகி முருகேசன் வழக்கு, அடுத்தது சங்கரராமன் வழக்கு. ஸ்கிரிப்ட் எழுதும்போதே எங்க ரெண்டு பேருக்கும் சண்டை வந்துடுச்சு. கொலைக்கு என்ன காரணம்னு முதல் நிமிஷத்துலயே சொல்லிடணும்ங்கறது என் கட்சி. யாரு, எங்க, எத்தனை மணிங்கறதெல்லாம் பேப்பர்லயே வந்துடும், ஆனா மனுசன் மனசுக்குள்ள என்ன ஓடுச்சுங்கறதுதான் கேக்கறவனுக்கு வேணும், அத மறைச்சு வச்சதாலதான் பாதி வழக்குல நீதி கிடைக்காம போச்சுன்னு நான் நினைக்கிறேன். நம்ம தினசரிய எடுத்துப் பாருங்க, "முன்விரோதம் காரணமாக மர்ம நபர்கள் வெட்டிக் கொலை, போலீசார் வலைவீசி தேடி வருகின்றனர்", இந்த ஒரே வரிய எத்தனை வருசமா படிக்கிறோம்? அந்த முன்விரோதம் என்னன்னு யாராச்சும் தோண்டியிருக்காங்களா? அத தோண்டுறதுதான் எங்க வேலைன்னு நான் சொல்றேன், ஃப்ரெண்டு வேணாங்கறான். நீங்க என்ன சொல்றீங்க?

கோர்ட் குமாஸ்தா பாண்டி:
தம்பி, பாண்டி கோர்ட்ல வக்கீல் குமாஸ்தாவா இருபது வருசத்துக்கு மேல இருக்கேன், உங்க ஃப்ரெண்டு சொல்றதுதான் சரி. ரெண்டாவது எபிசோட்னு சொன்னீங்களே, அதையே எடுத்துக்குவோம். 2004 செப்டம்பர் 3ஆம் தேதி காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் வளாகத்துக்குள்ளயே மேனேஜர் சங்கரராமன கொன்னாங்க. ரெண்டு மாசத்துல கைது நடந்தது, அதுக்கப்புறம் டிவியையும் பத்திரிகையையும் தொறந்தா காரணம் மட்டும்தான் பேச்சு. மொட்டைக் கடுதாசி, காஞ்சி சங்கர மடம், பணம், பகைன்னு டீக்கடை வரைக்கும் எல்லாருக்கும் "ஏன்"னு தெரியும். தமிழ்நாட்டுல நியாயமா விசாரணை நடக்காதுன்னு மனு போட்டு, 2005ல சுப்ரீம் கோர்ட் அத எங்க ஊருக்கு மாத்துச்சு. என்ன ஆச்சு? 189 சாட்சி விசாரிச்சாங்க, அதுல 83 பேர் பிறழ் சாட்சி, அதாவது முன்ன சொன்னத கோர்ட்ல மாத்திட்டாங்க. குற்றத்த ஒத்துக்கிட்டு அரசு பக்கம் அப்ரூவரா வந்தவரே மாத்திப் பேசிட்டாரு. 2013 நவம்பர் 27ஆம் தேதி, ரெண்டு சங்கராச்சாரியாருங்க உட்பட 23 பேரும் விடுதலை. ஊரே சொன்ன காரணத்த கோர்ட்ல நிரூபிக்க முடியல. இப்ப நீங்க முதல் நிமிஷத்துலயே "இதுதான் காரணம்"னு சொன்னா, விடுதலையான ஆளுங்கள திரும்ப கூண்டுல ஏத்துறீங்கன்னு அர்த்தம். அதுக்கு உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா?

முந்திரிக்காடு:
குமாஸ்தா அண்ணே, நீங்க சொல்ற வழக்கு வேற, எங்க ஊர் பக்கத்து வழக்கு வேற. நான் விருத்தாசலத்துக்காரன், 2003ல பிளஸ் டூ படிச்சிட்டு இருந்தேன். கண்ணகி வன்னியர் வீட்டுப் பொண்ணு, முருகேசன் பட்டியல் சாதி, கெமிக்கல் இன்ஜினியரிங் முடிச்ச பையன். அந்த மே மாசம் கடலூர்ல ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிட்டு யாருக்கும் சொல்லாம அவங்கவங்க வீட்டுலயே இருந்தாங்க. ஜூலையில ஊர் பாக்க ரெண்டு பேர் காதுலயும் மூக்குலயும் விஷத்த ஊத்தி, எரிச்சிட்டாங்க. ஊர் பாக்கன்னு சொல்றேன், நல்லா கேளுங்க. காரணம் ஊர்ல சின்னப் புள்ளைக்குக் கூட தெரியும். தெரிஞ்சும் ஸ்டேஷன்ல புகார வாங்கல, பத்திரிகைல வந்த பிறகுதான் கேஸே போட்டாங்க. அந்த கேஸ எப்படி போட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? பொண்ணு வீட்டுல நாலு பேரு, பையன் வீட்டுல நாலு பேரு. பையன் வீட்டாளுங்களே பையன கொன்னுட்டாங்களாம், பொண்ணு வீட்டாளுங்க பொண்ண கொன்னுட்டாங்களாம். மகன பறிகொடுத்த அப்பாவையே குற்றவாளியா உள்ள வச்சாங்கண்ணே. இதுக்கு மேல என்ன கொடும இருக்கு? அன்னைக்கே "சாதிக்காகத்தான் கொன்னாங்க, ஒரே பக்கம்தான் கொன்னுச்சு"ன்னு நாலு பேர் சத்தமா சொல்லாம போயிருந்தா அந்த எஃப்.ஐ.ஆர்தான் வரலாறு ஆயிருக்கும். காரணத்த பேசக்கூடாதுன்னு சொல்றவங்கள பாத்தா எனக்கு அந்த எட்டு பேர் கேஸ்தான் ஞாபகம் வருது. செந்தில் தம்பி, நீங்க முதல்லயே சொல்லுங்க.

வில்லியனூர் தேவி:
நான் இங்க எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். எங்க சின்னம்மா மூணு வருசத்துக்கு முன்னாடி இறந்தாங்க, வீட்டுக்குள்ளயே, தலையில அடி. கேஸ் இன்னும் வாய்தாவுலதான் இருக்கு. காரியம் முடியறதுக்குள்ள ஒரு சேனல்ல வீடியோ போட்டுட்டாங்க, தலைப்புல "கள்ளக்காதல்"னு பெரிய எழுத்துல, எங்க சின்னம்மா கல்யாண ஆல்பத்துல இருந்த போட்டோவ யார்கிட்ட வாங்குனாங்களோ, அதுக்கு மேல சிவப்புல வட்டம். அவங்க போன்ல அடிக்கடி பேசுனது எங்க சித்தப்பாவோட தம்பிகிட்ட, வீட்டுக்கடன் தவணை விசயமா. அந்த பாஸ்புக், ரசீது எல்லாம் போலீஸ்கிட்ட இருக்கு. அந்த சேனல்காரங்க யாரையும் ஒரு வார்த்த கேக்கல. என் தங்கச்சி அப்ப பத்தாவது, ஸ்கூல்ல பொண்ணுங்க அந்த வீடியோவ அவ முன்னாடியே போட்டுப் பாத்திருக்காங்க, அதுலருந்து அவ டியூஷனுக்கே போகல. பொம்பள செத்தா "கள்ளக்காதல்", ஆம்பள செத்தா "முன்விரோதம்", இந்த ரெண்டு வார்த்தையில எல்லாத்தையும் முடிச்சிடறாங்க. முந்திரிக்காடு அண்ணா, உங்க ஊர்ல நடந்தது படிச்சி எனக்கு நெஞ்சு அடைக்குது, ஆனா காரணத்த முதல்ல சொல்லுங்கன்னு நீங்க சொல்றது எங்க வீட்டுக்கு வந்து விடிஞ்சது இப்படி. உங்களுக்கு காரணம் தெரிஞ்சிருந்தது, சரி. தெரியாதவனும் அதே மாதிரிதான் சொல்றான், கேக்கறவங்களுக்கு எப்படி வித்தியாசம் தெரியும்?

முந்திரிக்காடு:
தேவி அக்கா, மன்னிச்சிடுங்க. உங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

ரிடையர்டு ஏட்டு நெல்லிக்குப்பம்:
முன்விரோதம்னு ஏன் வருதுன்னு நான் சொல்றேன். ராத்திரி பதினோரு மணிக்கு பாடி ஜி.ஹெச் போயிட்டு இருக்கும், ஸ்டேஷன் ரைட்டர் எஃப்.ஐ.ஆர் எழுதிட்டு இருப்பாரு, அப்ப நிருபர் போன் பண்ணி "காரணம் என்ன சார்"னு கேப்பாரு. எங்களுக்கே தெரியாது. புகார் குடுத்தவர் "அவனுக்கும் இவனுக்கும் ஏற்கனவே வாய்த்தகராறு"ன்னு சொல்லியிருப்பாரு, அத வச்சு முன்விரோதம்னு சொல்லிடுவோம். மறுநாள் அதுதான் அச்சுல. விசாரணையில வேற காரணம் தெரிஞ்சாலும் அத எழுத எந்த நிருபரும் திரும்ப வரமாட்டாரு. அதனால முதல் நாள் செய்திய ஆதாரமா வச்சு கதை சொல்றவங்க, நாங்க அரைத் தூக்கத்துல சொன்ன ஒரு வார்த்தைய வச்சு வீடு கட்டுறாங்க. இன்னொன்னு, "போலீஸ் விசாரணையில ஒப்புக்கொண்டான்"னு வருமே, அது கோர்ட்ல செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்துல 25ஆவது பிரிவு, 2024 ஜூலைல வந்த புதுச் சட்டத்துல 23ஆவது பிரிவு. போலீஸ்காரன்கிட்ட சொன்ன ஒப்புதல அந்த ஆளுக்கு எதிரா நிரூபிக்க முடியாது. அவன் சொல்லி ஒரு கத்தியோ நகையோ எடுத்தோம்னா அந்த கண்டுபிடிப்பு சம்பந்தப்பட்ட அளவுக்குத்தான் செல்லும். ஆனா உங்க வீடியோவுல பாதி கதை அந்த ஒப்புதல்லருந்துதான் வருது, "அன்று இரவு அவன் மனதில் பழிவெறி கொழுந்துவிட்டது"ன்னு. அவன் மனசு கொழுந்துவிட்டத பாத்தது யாரு?

கெடிலக்கரை செந்தில்:
ஐயா, அப்ப காரணமே வேணாமா? காரணம் இல்லாம தண்டனை குடுக்க முடியுமா?

கோர்ட் குமாஸ்தா பாண்டி:
முடியும் தம்பி, இதுதான் நிறைய பேருக்குத் தெரியாத விசயம். கண்ணால பாத்த சாட்சி நம்புற மாதிரி இருந்தா, நோக்கம், அதாவது நீங்க சொல்ற காரணம், நிரூபிக்கப்படலன்னாலும் தண்டனை நிக்கும். நோக்கம் பெருசா தேவைப்படறது, நேர்ல பாத்தவங்க இல்லாம சந்தர்ப்ப சாட்சியத்த மட்டும் வச்சு நடத்துற வழக்குலதான். அங்க கூட அது சங்கிலியில ஒரு கண்ணி, அவ்வளவுதான். 1984ல சரத் பிர்திசந்த் சார்தா வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது இன்னைக்கும் எங்க வக்கீலுங்க வாயில வர்ற விசயம்: ஒவ்வொரு சந்தர்ப்பமும் முழுசா நிரூபணம் ஆகணும், எல்லாம் சேர்ந்து குற்றவாளி இவன்தான்னு மட்டும் காட்டணும், வேற எந்த முடிவுக்கும் இடம் விடக்கூடாது. காரணம் இருந்த ஆளெல்லாம் கொலைகாரன் இல்ல. லட்சுமிகாந்தன் வழக்க யோசிங்க, 1944. மஞ்சப் பத்திரிகை நடத்துன ஆளு, மெட்ராஸ்ல பாதி பேருக்கு அவர் மேல கோபம். அவர் கொலை வழக்குல சினிமா நடிகருங்க தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் உள்ள போனாங்க, ரெண்டு வருசத்துக்கு மேல ஜெயில், பிரிவி கவுன்சில் வரைக்கும் போயி 1947ல விடுதலை. வெளிய வந்த பிறகு பாகவதருக்கு பழைய மார்க்கெட் திரும்ப வரவே இல்ல.

முந்திரிக்காடு:
அண்ணே சட்டம் சரி. ஆனா எங்க வழக்குல கடைசில என்ன நடந்துச்சுன்னு சொல்லணும்ல. 2004ல ஹைகோர்ட் சொல்லி சிபிஐ வந்துச்சு. அதுக்கப்புறமும் தீர்ப்பு வர 2021 செப்டம்பர் 24 ஆச்சு, கடலூர் கோர்ட்ல, பதினெட்டு வருசம். 13 பேருக்கு தண்டனை, பொண்ணோட அண்ணனுக்கு தூக்கு, பொண்ணோட அப்பா உட்பட மத்தவங்களுக்கு ஆயுள். அந்த 13ல ரெண்டு பேர் போலீஸ்காரங்க, 2003ல இன்ஸ்பெக்டரும் எஸ்.ஐயுமா இருந்தவங்க. 2022ல ஹைகோர்ட் தூக்க ஆயுளா மாத்துச்சு, ரெண்டு பேர விடுதலை பண்ணுச்சு. 2025 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் மேல்முறையீட்ட தள்ளி, முருகேசன் குடும்பத்துக்கு அஞ்சு லட்சம் குடுக்கச் சொல்லுச்சு. நான் கேக்கறது ஒண்ணுதான். இத சொல்லும்போது சாதிய கடைசி நிமிஷம் வரைக்கும் சஸ்பென்ஸ் மாதிரி ஒளிச்சு வச்சா, அது அந்த ரெண்டு புள்ளைங்களுக்கு செய்யற துரோகம் இல்லையா?

கோர்ட் குமாஸ்தா பாண்டி:
சஸ்பென்ஸ் வைக்கச் சொல்லலயே தம்பி. இப்ப நீங்களே சொன்னீங்க பாருங்க, தேதி, தண்டனை, எந்த கோர்ட்டுன்னு. இது தீர்ப்புல இருக்கு, மூணு கோர்ட்டு பாத்தாச்சு, தாராளமா முதல் வரியிலயே சொல்லுங்க. சங்கரராமன் வழக்குல அந்த மாதிரி நிலைச்ச காரணம் கிடையாது, அங்க சொல்லாதீங்க. தேவி அம்மா வீட்டு வழக்கு இன்னும் வாய்தாவுல இருக்கு, அத தொடவே தொடாதீங்க. மூணுக்கும் ஒரே அளவுகோல் வைக்கறதுலதான் நான் உடன்படல.

ரிடையர்டு ஏட்டு நெல்லிக்குப்பம்:
நான் ஒண்ணு சேத்துக்கறேன், சொல்ல கஷ்டமாத்தான் இருக்கு, நான் போட்டிருந்த காக்கிச்சட்டைங்கறதால. புதுக்கூரைப்பேட்டை எஃப்.ஐ.ஆர்ல மறைச்சது காரணத்த இல்ல. சாதிதான் காரணம்ங்கறது அதுலயும் இருந்துச்சு. கௌரவத்துக்காக பெத்தவங்க கொன்னாங்கன்னுதானே எழுதினாங்க? அந்தக் காரணத்த ரெண்டு வீட்டு மேலயும் சமமா பிரிச்சதுதான் பொய். பாதி உண்மைய போட்டு மீதிய அதுக்குள்ள பொதைச்சாங்க. அதனால செந்தில் தம்பி, "ஏன்"னு மட்டும் கேட்டா அந்த எஃப்.ஐ.ஆர் உங்களையும் ஏமாத்தியிருக்கும். இந்தக் காரணத்த எழுதினது யாரு, எப்ப எழுதினாரு, இப்படி எழுதினதால யாரு தப்பிச்சாங்கன்னு கேட்டாத்தான் பிடிபடும்.

முந்திரிக்காடு:
ஐயா நீங்க போலீஸா இருந்துட்டு இத சொன்னது பெரிய விசயம். இருபது வருசமா நான் காரணத்த மறைச்சாங்க மறைச்சாங்கன்னுதான் பேசிட்டு இருந்தேன், இப்படி யோசிச்சதே இல்ல. ஆனாலும் தீர்ப்பு வர்ற வரைக்கும் வாய மூடிட்டு இருக்கணும்ங்கறத மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். 2003ல அப்படி இருந்திருந்தா தீர்ப்பே வந்திருக்காது.

வில்லியனூர் தேவி:
வாய மூட வேணாம் அண்ணா. அந்த வீட்டுக்குப் போயி கேட்டுட்டு பேசுங்க. உங்க ஊர் விசயத்த அன்னைக்கு எழுதினவங்க அந்த அப்பாகிட்ட பேசித்தானே எழுதியிருப்பாங்க. எங்ககிட்ட யாருமே வரல, அதுதான் என் கோபம்.

கெடிலக்கரை செந்தில்:
எல்லார் எழுதினதையும் ஃப்ரெண்டும் நானும் சேந்து ரெண்டு தடவ படிச்சோம். முதல் எபிசோட சாதின்னு சொல்லியேதான் ஆரம்பிக்கறோம், முந்திரிக்காடு அண்ணன் சொன்னபடி. ஆனா நடுவுல அந்த எட்டு பேர் எஃப்.ஐ.ஆருக்கு தனியா இருபது நிமிஷம் ஒதுக்கறோம், அது யாரு கையெழுத்துல ஆரம்பிச்சு எப்படி கோர்ட்ல உடைஞ்சதுன்னு. கண்ணகி மனசுல கடைசி நேரத்துல என்ன ஓடுச்சுன்னு நான் ஒரு பக்கம் எழுதி வச்சிருந்தேன், ரொம்ப பிடிச்சு எழுதினது, அத எடுத்துட்டேன். ரெண்டாவது எபிசோட் இப்போதைக்கு நிறுத்தியிருக்கோம். குமாஸ்தா சார், பாண்டி தீர்ப்ப முழுசா படிக்கணும், எங்க எப்படி கேக்கணும்னு சொல்லுங்க.

கோர்ட் குமாஸ்தா பாண்டி:
தீர்ப்பு நகலுக்கு மனு எப்படி போடணும்னு தனியா மெசேஜ் அனுப்பறேன். தடிமனா இருக்கும், அவசரப்படாம படிங்க. சாட்சிங்க எந்த இடத்துல மாறினாங்கங்கற பக்கங்கள மட்டும் ரெண்டு தடவ படிங்க.