பஃபர் ஓவர்ஃப்ளோ: ‘வழிதல்’ போதாது, ‘மேவல்’ என்று வைப்போம்

எல்லோருக்கும் வணக்கம்.

தோட்டப் பாடசாலைகளின் கணினி அறைகளுக்கு நாம் தமிழில் அனுப்பப்போகும் பாதுகாப்பு அறிவிப்பு, ‘பஃபர் ஓவர்ஃப்ளோ’ என்பதற்குத் தமிழ்ச் சொல் முடிவாகாமல் நிற்கிறது. பஃபர் என்பது தரவை வாங்கி வைக்க நிரல் ஒதுக்கும் நினைவக இடம், அதன் அளவைத் தாண்டி எழுதிவிடுவது ஓவர்ஃப்ளோ. அதற்கு ‘வழிதல்’ போதும் என்று குழுவில் சிலர் எழுதியிருந்தீர்கள். பஃபருக்குத் ‘தாங்ககம்’ என்பதில் எனக்குச் சிக்கல் இல்லை. சென்னை நண்பர் சொல்லும் ‘இடையகம்’ நல்ல சொல்தான், ஆனால் இங்கே தாங்ககம் பழகிவிட்டது, விட்டுவிடுவோம். ஓவர்ஃப்ளோதான் பிரச்சினை.

‘வழிதல்’ போதும் என்கிறவர்கள் லினக்ஸ் போன்றவற்றில் திரையில் காட்டும் வேலையைச் செய்யும் எக்ஸ் சர்வரின் எழுத்துரு நூலகத்தில் இருந்த அந்தப் பழைய குறையை ஒருமுறை பாருங்கள். BDF என்ற வகை எழுத்துருக் கோப்பில் (ஆவணங்களுக்கான PDF அல்ல) ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயரை வாங்கி வைக்க நிரல் ஒதுக்கியது 100 பைட். ஆனால் கோப்பிலிருந்து படிக்கும் வரியில் ‘இத்தனை எழுத்துக்கு மேல் எடுக்காதே’ என்ற கட்டளை இல்லை. யாராவது வேண்டுமென்றே நூற்றுக்கு மேல் நீளமான பெயரை வைத்துக் கோப்பு செய்தால், மிச்ச எழுத்துகள் எங்கும் சிந்திப் போவதில்லை, அடுக்கில் (ஸ்டேக், செயற்கூறுகள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் நினைவகம்) பக்கத்தில் இருப்பதன் மேல் போய் உட்காருகின்றன. பக்கத்தில் இருப்பது செயற்கூறு (ஃபங்ஷன்) முடிந்ததும் திரும்பிப் போகவேண்டிய முகவரியாக இருக்கலாம். அதை மாற்றிவிட்டால் நிரல் தாக்குபவன் சொன்ன இடத்துக்குப் போகும், அதுவும் அந்தக் காலத்தில் எக்ஸ் சர்வர் பல கணினிகளில் ரூட் என்ற முழு அதிகாரத்தோடு ஓடியது! 1991இல் வெளிவந்த பதிப்பிலிருந்து இருந்த குறை, 2014 ஜனவரியில்தான் அறிவித்துத் திருத்தினார்கள். திருத்தம் என்ன தெரியுமா, படிக்கும் வரியில் 99 என்ற எண்ணைச் சேர்த்தது. நூறு இல்லை, 99, ஏனென்றால் சரத்தின் (எழுத்துத் தொடரின்) முடிவைக் காட்டும் சுழியத்துக்கு ஒரு பைட் வேண்டும்.

இதை ‘வழிதல்’ என்றால் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? வழிந்தது வீணாய்ப் போயிற்று, அவ்வளவுதான் என்று. வழிந்தது எதன்மேல் விழுந்தது என்பதுதான் இங்கே முழு விஷயமும்.

‘வான்பாய்தல்’ என்று பதுளைத் தம்பி முன்மொழிந்ததைப் படித்ததும் மனம் குளிர்ந்தது. நம் ஊர்ச் சொல், மழைக்காலத்தில் தினமும் செய்தியில் கேட்பது. ஆனாலும் சரிவராது, தம்பி. வான் என்பது மிஞ்சும் நீர் வெளியேற அணையைக் கட்டியவர்கள் யோசித்து வைத்த வழி. காசல்ரீ நீர்த்தேக்கம் வான் பாய்ந்தால் தண்ணீர் கெசல்கமுவ ஓயா வழியே நோட்டன் பிரிட்ஜில் உள்ள விமலசுரேந்திர நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சேரும், அணைக்கு ஆபத்து வராமல் காப்பதே அதன் வேலை. தாங்ககத்துக்கு அப்படி ஒரு வான் வைக்காததுதானே குறையே.

அதனால் என் முன்மொழிவு ‘மேவல்’. ‘வெள்ளம் வீதியை மேவிப் பாய்கிறது’ என்று நம் பத்திரிகைகள் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். இந்த வினைக்கு ஒரு செயப்படுபொருள் வேண்டும், எதை மேவியது என்று கேட்கலாம். ‘பெயர்த் தாங்ககம் திரும்பும் முகவரியை மேவியது’ என்று எழுதினால் நடந்தது அப்படியே வந்துவிடுகிறது. வழிதலை வைத்து இந்த வாக்கியத்தை எழுதிப் பாருங்கள், சுற்றி வளைக்கவேண்டியிருக்கும்.

வழிதலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. முழுவெண் ஓவர்ஃப்ளோவுக்கு அதுதான் பொருத்தம். 8 பிட்டில் ஆகப்பெரிய எண்ணான 255உடன் ஒன்றைக் கூட்டினால் மிச்ச பிட் தொலைந்து சுழியம் வருகிறது, பக்கத்து நினைவகத்தை யாரும் தொடவில்லை. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது என்பதற்காக நாமும் ஏன் ஒன்றை வைத்துக்கொண்டு குழம்பவேண்டும்?

அப்புறம் அடுக்கு, குவியல் (ஹீப், நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகம்) இரண்டோடும் இது ஒட்டுகிறதா என்று பார்க்கவேண்டும். அடுக்கு மேவல், குவியல் மேவல், சரியாகவே வருகிறது. 2024 ஜனவரியில் எக்ஸ் சர்வரில் அறிவித்த குறை ஒன்று இரண்டாவது வகை. மவுஸ் பொத்தான்களுக்கு 255 வரை எண் கொடுக்கலாம், ஆனால் எது அழுத்தப்பட்டிருக்கிறது என்று குறிக்க, சாதனத்தில் உள்ள பொத்தான்களின் எண்ணிக்கைக்கு மட்டும் இடம் ஒதுக்கியிருந்தார்கள். பெரிய எண்ணுள்ள பொத்தானை அழுத்தியதும் குவியலில் அடுத்திருப்பது மேவப்படுகிறது.

‘மேவிய’ என்றால் தேவாரம் மாதிரி ஒலிக்கிறது, ‘பொருந்திய, விரும்பிய’ என்ற பொருள்தான் முதலில் வருகிறது என்று சென்னை நண்பர் சொல்வது நியாயம். ஆனால் தாங்ககம் என்ற சொல் முன்னால் நிற்கும்போது பக்திப் பொருள் யாருக்கும் வராது. ‘மேலெழுதல்’ போதுமே என்று தங்கச்சி கேட்டிருந்தார். ஒரு கோப்பைத் தெரிந்தே அழித்து எழுதுவதும் மேலெழுதல்தான், அதில் குற்றம் இல்லை, ஆகவே வேண்டாம்.

எக்ஸ் சர்வர் போன்ற டிஸ்பிளே சர்வருக்குக் ‘காட்சிச் சேவையகம்’ என்றே போடலாம், ஆனால் அடியில் ஒரு வரி விளக்கம் கட்டாயம் வேண்டும். சேவையகம் என்றதும் பிள்ளைகள் மூலையில் இருக்கும் பெரிய கணினியை நினைப்பார்கள். எக்ஸில் திரையையும் விசைப்பலகையையும் வைத்திருக்கும், அவர்கள் முன்னாலேயே ஓடும் நிரல்தான் சேவையகம்.

அறிவிப்பின் முதல் வரியை இப்படி எழுதியிருக்கிறேன்: ‘காட்சிச் சேவையகத்தில் தாங்கக மேவல் (குவியல்) குறைபாடு, உடனே புதுப்பிக்கவும்.’ மாற்றுச் சொல் இருப்பவர்கள் அதே வரியில் பொருத்தி எழுதி அனுப்புங்கள், தனிச் சொல்லாக வேண்டாம். எல்லை தாண்டி எழுதாமல் வாசிக்க மட்டும் செய்யும் குறைக்கு, அதாவது 2014இல், இணைய இணைப்பை மறையாக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல் நூலகத்தில் வந்த ஹார்ட்பிளீட் மாதிரியானவற்றுக்கு, மேவல் பொருந்தாது. அதற்கு ‘மிகைவாசிப்பு’ சரியா என்று பதுளைத் தம்பி பார்த்துச் சொல்லட்டும்.