முட்டைப் பருவம் வந்ததும் மாறிப்போன ஆண் கூஸ்

எங்களிடம் 14 கோழி, 6 வாத்து, 3 கூஸ் (வாத்தைவிடப் பெரிய, நீண்ட கழுத்துள்ள பறவை) இருக்கின்றன. கூஸில் ஒன்று ஆண். குஞ்சிலிருந்தே எல்லாம் ஒரே கொட்டகையில்தான் வளர்ந்தன, போன வருடம் வரை பெரிய சண்டை எதுவும் இல்லை. பத்து நாளுக்கு முன்னால் ஒரு பெண் கூஸ் மூலையில் வைக்கோலை இழுத்துப் போட்டு முட்டையிட ஆரம்பித்தது. அன்றிலிருந்து ஆண் அடியோடு மாறிவிட்டான். நேற்றுக் காலை ஒரு கோழி தான் வழக்கமாக முட்டையிடும் இடத்துக்குப் போனது, அதுவும் அதே மூலைதான், இவன் அதன் முதுகைக் கவ்வி உதறினான். நான் போய்ச் சேர்வதற்குள் உள்ளங்கை அளவுக்கு இறகு போய், தோலும் கிழிந்துவிட்டது. உப்புநீரில் கழுவி வீட்டுக்குள் ஒரு பெட்டியில் தனியாக வைத்திருக்கிறேன், ரத்தச் சிவப்பைப் பார்த்தால் மற்ற கோழிகளே கொத்திவிடும்.

என்னையும் விடவில்லை. தீவன வாளியோடு உள்ளே போனால் கழுத்தைத் தரையோடு நீட்டிச் சீறிக்கொண்டு வருகிறான். பயந்து திரும்பி ஓடினேன், முழங்காலுக்குப் பின்னால் கடித்துவிட்டான், நல்ல கன்றல். வீட்டில் எல்லோரும் விற்றுவிடச் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. இதைத் தாண்டி வந்தவர்கள் சொல்லுங்கள்.

*

அக்கா, அவசரப்பட்டு விற்க வேண்டாம். நானும் முதல் வருடம் அப்படித்தான் ஓடினேன். அந்த ஓட்டத்தை மட்டும் நிறுத்துங்கள். நாம் முதுகைக் காட்டினால் துரத்தியது பலித்துவிட்டது என்று அவன் கற்றுக்கொள்கிறான், மறுநாள் இன்னும் தூரத்திலிருந்தே கிளம்பி வருவான்.

அவன் உடம்பைப் பார்க்கப் பழகுங்கள். கழுத்தை நேராக நிமிர்த்திக் கத்தினால் அது எச்சரிக்கை, அங்கேயே நின்றால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். கழுத்தைத் தாழ்த்தி உங்களை நோக்கி நீட்டினால் அடுத்தது கடிதான். சில இனங்களில் அதற்கு முன்பே கழுத்து இறகுகள் சிலிர்த்து அதிரும், அது தெரிந்ததுமே நான் நின்றுவிடுவேன். கைகளை அகல விரித்து அவனைப் பார்த்தபடி நிற்பேன், வேண்டுமானால் ஒரு அடி முன்னே வைப்பேன். அவன் விலகிய பிறகு என் வேலையைப் பார்ப்பேன். வாளியின் மூடியைக் காலுக்கு முன்னால் கேடயம் மாதிரி பிடித்துக்கொள்வது நல்ல பழக்கம்.

அப்படியும் மேலே வந்துவிட்டால் பிடித்துத் தூக்க வேண்டியதுதான். ஒரு கையால் தலைக்குக் கீழே கழுத்தை இறுக்காமல் பிடித்து, மறுகையால் இரண்டு இறக்கையையும் மூடி உடம்போடு அணைத்து, தலை நம் முதுகுப் பக்கம் இருக்கும்படி அக்குளுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உடம்பின் எடை கையில் இருக்க வேண்டும், கழுத்தில் தொங்கக் கூடாது. காலைப் பிடித்துத் தூக்கவே தூக்காதீர்கள், சுலபமாக அடிபட்டுவிடும். இறக்கையின் மணிக்கட்டில் எலும்பு முண்டு இருக்கிறது, அந்த அடி கடியைவிட வலிக்கும். அவன் தளர்ந்து அமைதியாகும் வரை அப்படியே நடந்துவிட்டு, பிறகு மெதுவாக இறக்கிவிடுங்கள். குச்சியால் அடிப்பதும் உதைப்பதும் வேண்டாம். அடித்த ஆளை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளும் பறவை இது, எங்கள் வீட்டில் ஒருவர் அடித்தார், அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவரால் தனியாக உள்ளே போக முடியவில்லை.

*

தம்பி சொன்னது மனிதர்களுக்குச் சரி. ஆனால் கோழிக்குக் கை விரித்து நிற்கத் தெரியாதே. இதில் என் அனுபவம் கசப்பானது.

கோழி, வாத்து, கூஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தேன். முட்டைப் பருவத்தில் ஆண் கூஸ் ஒரு சின்னப் பெண் வாத்தின் மேல் ஏறி அழுத்தியிருக்கிறான், நான் பார்த்தபோது அது தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்துச் செத்துக் கிடந்தது. வளர்த்த பறவையை இப்படி என் கவனக்குறைவால் இழந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. அன்றைக்கே கொட்டகையை இரண்டாகப் பிரித்தேன்.

பிரிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள், ஆணை மட்டும் தனியாகப் போட்டால் இணையைத் தேடி நாள் முழுக்கக் கத்துவான், வேலியில் முட்டிக்கொண்டே இருப்பான். கூஸ்கள் மூன்றையும் சேர்த்தே ஒரு பக்கம் விடுங்கள், கூடு இருக்கும் மூலை அவர்கள் பக்கம் வரட்டும். கோழிகளுக்கு முட்டையிட வேறு இடம் போட்டுக் கொடுங்கள். அடை சுமார் 30 நாள், அதற்குப் பிறகு குஞ்சோடு இருக்கும்போது இன்னும் கடுமையாக இருப்பான், அதனால் குஞ்சுகள் ஓரளவு வளரும் வரை வேலி இருக்கட்டும். நடுவில் கம்பிவலை மட்டும் போட்டால் வலைக்கு இந்தப் பக்கம் நிற்கும் கோழியைப் பார்த்துச் சீறிக்கொண்டே இருப்பான், அதனால் நான் கீழே இரண்டு அடிக்குப் பலகை அடித்தேன், சத்தம் பாதியாகக் குறைந்தது.

பருவம் முடிந்து மறுபடி சேர்க்கும்போது தீவனத் தட்டை மூன்று நான்கு இடத்தில் தள்ளித் தள்ளி வையுங்கள். கோழி மட்டும் நுழைகிற அளவுக்குத் தாழ்வாக ஒரு சந்தும் விடுங்கள், துரத்தினால் ஓடி ஒளிய இடம் வேண்டும். மூலையில் மாட்டிக்கொண்ட கோழிதான் அடிபடுகிறது. மேய நல்ல புல் இருந்தால் கூஸ் தட்டுப் பக்கம் வருவதே குறையும்.

*

ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். எங்களுடையது தனியாக, கையிலேயே வளர்ந்த ஆண். குஞ்சு பொரித்ததும் யாரைப் பார்க்கிறதோ அவர்களையே தாயாக எண்ணிப் பின்தொடரும் என்று விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கான்ராட் லோரன்ஸ் காட்டுக் கூஸ்களை வைத்து விவரித்தார். எங்கள் வீட்டில் அதைக் கண்ணால் கண்டோம், குஞ்சாக இருந்தபோது என் மகள் பின்னாலேயே சுற்றியவன், ஒரு வயது நெருங்கியதும் அவளைத்தான் முதலில் கடித்தான். மனிதர்களிடம் பயமே இல்லாமல் போய்விட்டது. அதனால் ஒற்றைக் குஞ்சாக வாங்காதீர்கள். சின்னப் பிள்ளைகளை இந்தப் பருவத்தில் உள்ளே விடவே வேண்டாம், கூஸின் தலை அவர்கள் முகத்துக்கு நேராக இருக்கும்.

*

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மறுநாளே பிரித்துவிட்டேன், பலகையும் அடித்தாயிற்று. இரண்டு முறை அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன், முதல் தடவை கை நடுங்கியது, இரண்டாவது தடவை அவன் இதயம் எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்று உணர முடிந்தது. அவனும் பயந்துதான் இருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இப்போது நான் தண்ணீர் மாற்றும்போது நான்கு அடி தள்ளி நின்று சீறுகிறான், பக்கத்தில் வருவதில்லை. பெண் கூஸ் 7 முட்டையோடு அடையில் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கோழியின் முதுகில் புது இறகு குருத்து விட்டிருக்கிறது, நேற்றுத்தான் மற்ற கோழிகளோடு விட்டேன்.