லண்டனில் லீஸ்ஹோல்ட் பிளாட்: மோர்ட்கேஜுக்கு மேல் மாதம் எவ்வளவு போகும்?

காவிரிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். நானும் கணவரும் ஹாரோ பக்கம் இரண்டு படுக்கையறை பிளாட் ஒன்று பார்த்திருக்கிறோம். லீஸ்ஹோல்ட்தான், அதாவது நிலமும் கட்டடமும் வேறொருவருடையது, குறித்த வருடங்களுக்கு மட்டும் வீடு நமக்கு. 1984இல் கட்டிய மூன்று மாடிச் செங்கல் கட்டடம், மொத்தம் 18 வீடு. விலை 325,000 பவுண்டு. விற்கும் ஏஜெண்ட் தந்த தாளில் கிரவுண்ட் ரென்ட் (நில வாடகை) வருடத்துக்கு 150 பவுண்டு, சர்வீஸ் சார்ஜ் (கட்டடப் பராமரிப்புக் கட்டணம்) 1,920 பவுண்டு, லீஸ் இன்னும் 84 வருடம் என்று இருக்கிறது.

இப்போது வாடகை 1,650 கொடுக்கிறோம். மோர்ட்கேஜ் ஏறக்குறைய 1,500 வரும். அதோடு இந்த இரண்டையும் பன்னிரண்டால் வகுத்துச் சேர்த்தால் 1,670 சொச்சம். வாடகையை விட இருபது பவுண்டுதானே அதிகம், வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். என்னோடு வார்டில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர், "சர்வீஸ் சார்ஜை நம்பிக் கணக்குப் போடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

திருச்சியில் எங்கள் அப்பா பிளாட்டில் அசோசியேஷனுக்கு மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டுகிறார். கூடினால் செக்ரட்டரி வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டுவிடலாம். நிலத்திலும் நமக்கு யுடிஎஸ் என்று பிரிக்கப்படாத ஒரு பங்கு உண்டு. இங்கே யாரைக் கேட்பது? வேறு என்னென்ன செலவு வரும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம்மாடி:

நான் இல்ஃபர்டில் இருக்கிறேன். அந்தத் தாளில் இல்லாத சின்னச் செலவுகளைச் சொல்கிறேன். கட்டட இன்சூரன்ஸ் சர்வீஸ் சார்ஜுக்குள் வந்துவிடும். ஆனால் உள்ளே இருக்கும் சாமான்களுக்கு நீங்கள் தனியாக எடுக்க வேண்டும். பாய்லர், உள் குழாய், சமையலறை எல்லாம் உங்கள் பொறுப்பு. ஜன்னல் யாருடையது என்பதை லீஸில் பாருங்கள். சிலதில் ஜன்னல் சட்டகம் ஃப்ரீஹோல்டருடையது (நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சொந்தக்காரர்), கண்ணாடி மட்டும் நம்முடையது. வாங்கியதும் உங்கள் பெயரையும் வங்கியின் பெயரையும் பதிவு செய்ய நோட்டீஸ் ஃபீஸ் கேட்பார்கள். பின்னால் வாடகைக்கு விட நினைத்தால் பல லீஸ்களில் அனுமதி வாங்க வேண்டும், அதற்கும் பணம். கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வரி) இதில் எதிலும் சேராது.

வடலி:

தங்கச்சி, உங்கள் வார்டு அக்கா சொன்னது முழுக்கச் சரி. நான் குரோய்டனில் 24 வீடுள்ள கட்டடம் ஒன்றில் 2009இல் இருந்து இருக்கிறேன். எங்கள் கட்டடத்துக் கணக்கைப் பல வருடமாக நான்தான் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

1,920 என்பது போன வருடத்து எண். வாடகை போல் ஒப்பந்தத்தில் நின்று பிடிக்கிற தொகை இல்லை அது. கட்டடத்துக்கு என்ன செலவோ அதில் உங்கள் பங்கு, அவ்வளவுதான். செலவைத் தீர்மானிப்பது ஃப்ரீஹோல்டரும், கட்டடத்தை நிர்வகிக்க அவர் வைத்த மேனேஜிங் ஏஜெண்டும். காசு கட்டுவது நாங்கள். வருட ஆரம்பத்தில் உத்தேசமாக ஒரு தொகை வாங்குவார்கள். வருடம் முடிந்து கணக்கு மூடும்போது செலவு கூடியிருந்தால் மிச்சத்துக்கு இன்னொரு பில் வரும். பல லீஸ்களில் தவணை ஜூன் 24, டிசம்பர் 25 என்று இருக்கும். நத்தார் நாளில் ஆயிரம் பவுண்டுக்கு மேல் கேட்டுக் கடிதம் கிடந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே ஒரு வருட எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம். விற்பவரின் லோயர் மேனேஜிங் ஏஜெண்டிடம் எல்பிஇ1 என்ற படிவத்தை நிரப்பி வாங்கித் தர வேண்டும். அதற்கான காசு விற்பவருடையது. அதோடு மூன்று வருடக் கணக்கும், இன்சூரன்ஸ் விவரமும், ரிசர்வ் ஃபண்டில் (பெரிய வேலைக்கென்று சேர்த்து வைக்கும் பணம்) எவ்வளவு கிடக்கிறது என்பதும், பெரிய வேலை ஏதும் வரப்போகிறதா என்பதும் வரும். உங்கள் லோயர் அதை ஒரு வரியில் சுருக்கித் தந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முழுத் தாளையும் அனுப்பச் சொல்லி நீங்களே வாசியுங்கள். 18 வீட்டுக் கட்டடத்தில் ரிசர்வ் ஃபண்ட் வெறுமையாக இருந்து, கூரைக்கு நாற்பது வயது என்றால், அந்தக் கூரைக்கு யார் காசு கொடுப்பார்கள்? அன்றைக்கு அந்த வீட்டுக்கு யார் உடமைக்காரரோ அவர்தான்.

எங்கள் கட்டடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கீழ்த்தளத்தில் ஒரு வயோதிப அம்மா, பென்ஷனில் வாழ்கிறவர். வெளிப்பூச்சுக்கும் கூரை ஓரத்துக்கும் என்று வீட்டுக்கு 4,300 பவுண்டு பில் வந்தது. அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் நாங்கள் சில பேர் சேர்ந்து பழைய பில்களைக் காட்டச் சொல்லி எழுதினோம். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு உரிமை இருக்கிறது. முதலில் செலவுச் சுருக்கம் கேட்கலாம். அது கிடைத்து ஆறு மாதத்துக்குள் ரசீதுகளையும் நேரில் பார்க்கக் கேட்கலாம்.

ஏஜெண்டின் ஆபீஸில் இரண்டு பெட்டி நிறைய ரசீது தந்தார்கள். துப்புரவுக்கு வாரத்துக்கு ஒரு தடவை என்று பில் போட்டிருந்தது. எங்கள் கட்டடத்தில் மின்மீட்டர் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கும், துப்புரவு செய்ய வருகிறவர் ஒவ்வொரு முறையும் அதில் தேதி போட்டுக் கையெழுத்து வைப்பார். அந்தத் தாள்களை நாங்கள் போட்டோ எடுத்து வைத்திருந்தோம். அதில் இருந்தது இரண்டு வாரத்துக்கு ஒரு கையெழுத்து. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். அதிகமாக வாங்கிய காசைக் கணக்கில் திருப்பி வரவு வைத்தார்கள். படிக்கட்டு பல்பு ஒன்றை மாற்ற ஒரே நாளில் இரண்டு தடவை ஆள் வந்ததாக இருந்த பில்லும் போனது. ஒத்துவராவிட்டால் ட்ரிபியூனல் என்ற நடுவர் மன்றத்துக்குப் போகலாம். செலவு நியாயமானதா என்று அவர்கள் தீர்ப்பார்கள்.

பெரிய வேலை என்றால் அதே சட்டத்தின் செக்ஷன் 20 என்ற சொல்லை நினைவில் வையுங்கள். ஒரு வீட்டுக்கு 250 பவுண்டுக்கு மேல் வரும் வேலைக்கு முதலில் நோட்டீஸ் தர வேண்டும், கருத்துச் சொல்ல 30 நாள் விட வேண்டும். பிறகு மதிப்பீடுகளைக் காட்டி இன்னொரு 30 நாள். இதைச் செய்யாமல் வேலையை முடித்துவிட்டால், ட்ரிபியூனல் விலக்குத் தந்தால் ஒழிய, 250க்கு மேல் உங்களிடம் வாங்க முடியாது. செலவு செய்து 18 மாதத்துக்குள் பில்லோ, செலவு பற்றி எழுத்தில் அறிவித்தலோ தராவிட்டாலும் அதை வாங்க முடியாது. ஒவ்வொரு பில்லோடும் உங்கள் உரிமைகளைச் சொல்லும் தாளும் இருக்க வேண்டும். அது வரும்வரை நீங்கள் கட்டாமல் நிறுத்தி வைக்கலாம். ஆனால் கோபத்தில் சும்மா நிறுத்தாதீர்கள். லீஸையே பறிக்க வழக்குப் போடுகிற அதிகாரம் இன்னும் ஃப்ரீஹோல்டர்களிடம் இருக்கிறது. "எதிர்ப்போடு செலுத்துகிறேன்" என்று எழுதிக் கட்டிவிட்டுச் சண்டை பிடியுங்கள்.

காவிரிக்கரை:

அண்ணா, கை கூப்பி நன்றி. நீங்கள் சொன்னபடி முழுத் தாளையும் கேட்டு வாங்கிவிட்டேன். மூன்று வருட சர்வீஸ் சார்ஜ் 1,310, 1,540, 1,920. கூடியதில் பெரும்பங்கு இன்சூரன்ஸ். ரிசர்வ் ஃபண்டில் மொத்தக் கட்டடத்துக்கும் 6,200 பவுண்டுதான். கூரை வேலைக்கு முதல் நோட்டீஸ் போன மாதமே போயிருக்கிறது, தொகை இன்னும் போடவில்லை. லீஸ் 1984இல் இருந்து 125 வருடம். கிரவுண்ட் ரென்ட் 25 வருடத்துக்கு ஒரு தரம் இரட்டிக்கும். 2034இல் 300 ஆகிறது. விற்கும் ஏஜெண்ட் இதில் ஒன்றையும் சொல்லவில்லை. விட்டுவிடலாமா?

பச்சைமை:

நான் ஒரு சொலிசிட்டர் ஆபீஸில் வீடு வாங்கல் விற்றல் பிரிவில் இருக்கிறேன். பொதுவாகச் சொல்கிறேன், உங்கள் லோயரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

லீஸ்தான் எனக்கு முதல் கவலை. 84 என்பது கேட்க நிறைய மாதிரி இருக்கும். 80க்குக் கீழே இறங்கினால் லீஸை நீட்டும் செலவு எகிறிவிடும், ஏனென்றால் நீட்டுவதால் வீட்டின் மதிப்பு கூடும் தொகையில் பாதி ஃப்ரீஹோல்டருக்குப் போகும். இதை ரத்து செய்யும் சட்டம் 2024 மே மாதமே வந்துவிட்டாலும் அந்தப் பகுதி இன்னும் அமலுக்கு வரவில்லை. ஆக உங்களுக்கு நாலு வருடம்தான் இருக்கிறது. ஒரு நல்ல செய்தி: முன்பு வீட்டை வாங்கி இரண்டு வருடம் காத்திருந்தால்தான் கேட்க முடியும். 2025 ஜனவரி 31 முதல் அந்தக் காத்திருப்பு இல்லை. இன்றைய சட்டப்படி நீட்டினால் இருக்கும் வருடத்தோடு 90 சேரும், கிரவுண்ட் ரென்ட் பூஜ்யம் ஆகும். அந்த 2034 பிரச்சினையும் அதோடு தீர்ந்தது. ஆனால் பிரீமியம் (நீட்டுவதற்கு ஃப்ரீஹோல்டருக்குக் கொடுக்கும் விலை), உங்கள் மதிப்பீட்டாளர், லோயர், கூடவே ஃப்ரீஹோல்டரின் நியாயமான செலவு எல்லாம் உங்கள் தலையில்தான். ஒரு மதிப்பீட்டாளரிடம் முன்கூட்டியே தொகை கேட்டு, அதை விலையில் பேசுங்கள்.

(2022 ஜூன் 30 முதல் போட்ட பெரும்பாலான புது லீஸ்களில் கிரவுண்ட் ரென்ட் வாங்கவே கூடாது. புதுக் கட்டடம் பார்ப்பவர்களுக்காகச் சொன்னேன்.)

வடலி:

விட்டுவிட வேண்டாம் தங்கச்சி, விலையை மாற்றுங்கள். கூரைக்கு 90,000 ஆகிறது என்று வையுங்கள். 18ஆல் வகுத்தால் வீட்டுக்கு 5,000. ரிசர்வில் உங்கள் பங்கு 350கூட வராது. ஒன்றில் விற்பவர் விலையைக் குறைக்க வேண்டும், அல்லது அவருடைய பணத்தில் ஒரு தொகையை லோயர் கையில் பிடித்து வைத்து, கூரைப் பில் வந்ததும் அதில் கட்ட வேண்டும். ரிடென்ஷன் என்று கேளுங்கள், லோயருக்கு விளங்கும்.

உங்கள் மாதக் கணக்கையும் திருத்திப் போடுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் சர்வீஸ் சார்ஜ் மாதம் 200 என்று வைத்து, கூரை, பூச்சு, வாசல் கதவு என்று எதிர்காலத்துக்கு இன்னொரு 100ஐத் தனிக் கணக்கில் போடுவேன். அப்படிப் பார்த்தால் 1,800க்கு மேல். அது முடியும் என்றால் வாங்குங்கள்.

இன்சூரன்ஸ் ஏன் ஏறியது என்றும் கேளுங்கள். பிரீமியத்துக்குள் கமிஷன் எவ்வளவு என்ற விவரம் லீஸ்ஹோல்டர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எஃப்சிஏ (நிதித் துறையைக் கண்காணிக்கும் அமைப்பு) விதி 2023 டிசம்பர் 31 முதல் இருக்கிறது.

யாரைக் கேட்பது என்று முதலில் கேட்டீர்களே. குடிபோன பிறகு பக்கத்து வீட்டாரைப் பழக்கம் பிடியுங்கள். குறைந்தது பாதி வீட்டார் சேர்ந்தால் 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி நிர்வாகத்தை நீங்களே எடுக்கலாம், ஏஜெண்டில் குற்றம் நிரூபிக்க வேண்டியதில்லை. நாங்கள் அப்படித்தான் எடுத்தோம். இப்போது ஏஜெண்டை வைப்பதும் மாற்றுவதும் எங்கள் கையில். சட்டச் சந்தேகம் இருந்தால் அரசு பணத்தில் நடக்கும் லீஸ் ஆலோசனை நிலையத்தைக் கேளுங்கள், இலவசம்.

காவிரிக்கரை:

கணவரும் இதெல்லாம் வாசித்துவிட்டார். இன்று லோயருக்கு எழுதிவிட்டேன்: கூரைக்கு 5,000 ரிடென்ஷன், லீஸ் நீட்டும் செலவுக்கு விலைக் குறைப்பு. இரண்டும் இல்லை என்றால் வேறு வீடு பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறோம். வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா?

வடலி:

ஒன்று. விற்பவர் இருந்த காலத்துக் கணக்கு மூடும்போது கூடுதல் பில் வந்தால் அது அவருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அதற்கும் ஒரு சின்ன ரிடென்ஷன் பிடிக்கலாம். கணக்கு வருடம் எந்த மாதம் முடிகிறது என்பது அந்தப் படிவத்திலேயே இருக்கும், பார்த்துவிட்டு லோயருக்கு எழுதுங்கள்.