புதுப்பிப்பு: கண்டி ஏரியின் பச்சைப் படலம் விஷமா?

போன மாதம் கண்டி ஏரியோரம் ஒதுங்கிய பச்சைப் படலத்தின் படத்தைப் போட்டு, "இது விஷமா?" என்று இங்கே கேட்டிருந்தேன். 1999இலும் இந்த ஏரியில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சை நுண்ணுயிர் படர்ந்திருந்தது.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் தங்கச்சி ஒருத்தி ஒரு துளியை நுண்ணோக்கியில் காட்டினாள். வழுவழுப்பான உறைக்குள் குட்டிக் குட்டி உருண்டைகள், ஒவ்வொன்றிலும் கறுப்பாகத் தெரியும் காற்றுப் பைகள். அவற்றால்தான் மிதக்கிறது. மைக்ரோசிஸ்டிஸேதான். ஆனால் விஷம் உண்டா என்று பார்வையால் சொல்ல முடியாது. நச்சுள்ளதும் இல்லாததும் ஒன்றாகவே மிதக்கும்.

அங்கேதான் மரபணு வாசிப்பு கைகொடுக்கிறது. 2007இல் ஜப்பானியர் இதன் ஒரு வகையை முழுதாக வாசித்தார்கள். ஏறக்குறைய 58 இலட்சம் டி.என்.ஏ. எழுத்துகள். அதில் எம்சிவை எனப்படும் 10 மரபணுக்களின் கூட்டம்தான் ஈரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சைச் செய்கிறது. ஏரி நீரில் நேரடியாக அவற்றைத் தேடலாம். இருந்தால் நஞ்சு வரக்கூடும் என்று அர்த்தம்; எவ்வளவு என்பதைத் தனியாக அளக்க வேண்டும். குடிநீரில் இந்த நஞ்சுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு லீட்டருக்கு 1 மைக்ரோகிராம்தான்.

அப்புறம், "கொதிக்க வைத்தால் சரிதானே?" என்று கேட்ட அக்காவுக்கு: இல்லை அக்கா, கொதியில் இந்த நஞ்சு அழியாது. படலம் தெரியும் இடத்தில் மாட்டையும் இறக்காதீர்கள்.